இலை ஊதும் மெஷினும் சஹ்லாவின் காலடிகளும்

கடல் வந்த வருடம் காணாமற்போன சஹ்லாவின் காலடிகள், மருதமுனையில் அவளுடைய உம்மா கமீலாவின் முற்றத்து மணலில் இருபது வருடமாக வளர்ந்துகொண்டிருந்தன. அலை வடிந்த மறுநாள் கமீலா வந்து பார்த்தபோது வீட்டுக்குச் சுவர் இல்லை, கிணறு மண்மூடிக் கிடந்தது, யாருடையதோ கட்டில் ஒன்று இவர்களுடைய வளவில் நின்றது. ஆனால் கிணற்றடியிலிருந்து கேற்றடி வரைக்கும் இரண்டரை வயதுப் பிள்ளையின் காலடிகள், அப்போதுதான் நடந்துபோனதுபோல, ஒன்றுகூடக் கலையாமல் இருந்தன. இடது கால் சற்று உள்ளே திரும்பியிருந்தது. சஹ்லா அப்படித்தான் நடப்பாள். அதற்குப் பிறகு பெய்த மழைக்கும் அவை கலையவில்லை. வீடு கட்டக் கல்லும் சீமெந்தும் ஏற்றிவந்த லொறிக்காரன் அவற்றை விலத்தி ஓட்டினான். முதல் வருடம் காரைதீவிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த நோன்புப் பெருநாளைக்குச் செருப்பு வாங்கிவந்து காலடியில் வைத்துப் பார்த்த கமீலாதான், அளவு கூடியிருப்பதைக் கண்டாள். அதன் பிறகு வருடாவருடம் செருப்பு மாறியது. ஊருக்கும் அது பழகிவிட்டது. மருதமுனை மனிதர்களுக்குத் தறியும் கடையும் கலியாணமும் என்று ஆயிரம் வேலை. ஒரு பிள்ளை வளர்வதை எத்தனை நாளைக்குத்தான் நின்று பார்ப்பது.

வாப்பா காலிதீன், சஹ்லா கமீலாவின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது கட்டாருக்கு வேலைக்குப் போனவர். பிள்ளை பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டார், முகத்தைப் போட்டோவில் பார்த்தார். லீவு கிடைத்து ஊருக்கு வரவிருந்த மாதத்துக்கு முந்திய மாதம் கடல் வந்தது. ஆகவே தன் மகளை அவர் முதன்முதலில் நேரில் கண்டது அந்தக் காலடிகளாகத்தான். விமான நிலையத்திலிருந்து வந்த கோலத்தோடு முற்றத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்து, ஒரு காலடிக்குள் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை பெரிதாக இருந்தது. அப்போது அழுத அழுகையை அவர் பிறகு ஒருநாளும் அழவில்லை.

கமீலா அழவேயில்லை. பைத்தியம் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. சோறு கறி நேரத்துக்கு ஆகும், கொடுக்கல் வாங்கலில் ஒரு பிசகு வராது. அவளுடைய கணக்கு நேரானது. “கால் வளருது எண்டா ஆள் எங்கயோ ஹயாத்தோட, உசிரோட இரிக்கா. மவுத்தாப்போன புள்ளட கால் வளருமா?” என்று கேட்பாள். அலையில் போனவர்களுக்காகப் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா, அதாவது உடல் முன்னால் இல்லாமலே தொழும் தொழுகை, நடந்தபோது சஹ்லாவின் பெயரைச் சேர்க்க விடமாட்டேன் என்றாள். பிள்ளை தன் கையிலிருந்து நழுவிய அந்த நிமிடத்தைப் பற்றி அவள் கதைத்ததில்லை. ஒவ்வொரு நாளும் விடிய சுபஹுத் தொழுதுவிட்டு ஈர்க்கில் விளக்குமாற்றோடு இறங்கி, காலடிகளைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினாள். உள்ளே விழுந்த வேப்பிலைகளை விரலால் பொறுக்கினாள்.

இதனால் பாடுபட்டது அலைக்குப் பிறகு பிறந்த இளையவள் ஸப்னா. முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாட அவளுக்கு அனுமதி இருந்ததில்லை. இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாவின் தலையில் ஒரு வீடும் பிறந்துவிடும். மாப்பிள்ளை வந்து குடியேறுவதற்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும், அதிலும் மூத்தவளுக்கு முதலில். கமீலா அதை விட்டுக்கொடுக்கவில்லை. காலிதீன் இன்னும் எட்டு வருடம் பாலைவனத்தில் காய்ந்து, வளவின் வடக்கு மூலையில் சஹ்லாவுக்கென்று இரண்டு அறை வீடு கட்டினார். கதவுக்கு வார்னிஷ்கூட அடித்தார். அந்த வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.

ஸப்னாவுக்குப் பத்தொன்பது வயதானபோது கல்முனையிலிருந்து நஸ்லின் என்ற பெண்மணி தன் மகன் மிஹ்லாருக்குச் சம்பந்தம் பேச வந்தாள். நல்ல மனுசி. காலடிகளை மரியாதையாகச் சுற்றி நடந்து வந்துதான் கதிரையில் உட்கார்ந்தாள். மிஹ்லாரும் ஸப்னாவும் ஒருவரையொருவர் விரும்பியது எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல எல்லோரும் தேநீர் குடித்தார்கள்.

“மூத்தவ இரிக்கக்குள்ள இளையவள எப்பிடிக் குடுக்கிற?” என்றாள் கமீலா.

நஸ்லின் முற்றத்தை ஒருதடவை பார்த்தாள். “சரிதான் ராத்தா. ஆனா மகன் ஹஜ்ஜுப் பெருநாளோட வெளிநாடு போறான். அதுக்கு முதல் ஒரு முடிவச் சொல்லுங்க. இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கோணும்,” என்றாள்.

அன்று பின்னேரம் ஸப்னா கிணற்றடியில் வைத்து வாப்பாவைப் பிடித்தாள். சத்தம் போடவில்லை. “வாப்பா, ராத்தாக்குக் கால் மட்டுந்தான் இரிக்கி. எனக்கு மத்ததெல்லாம் இரிக்கி. ஆனா இந்த ஊட்டுல என்னய ஆரும் பாக்கிறல்ல,” என்றாள். காலிதீன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அந்தச் சொல் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது, பிறகு எடுபடவேயில்லை.

கச்சான் காற்று தொடங்கியது. மேற்கிலிருந்து நெருப்பாக அடிக்கும் அந்தக் காற்றுக்கு வேம்பு இலையைக் கொட்டு கொட்டென்று கொட்டும். கமீலாவின் வலது தோள் அந்த மாதம்தான் பூட்டிக்கொண்டது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. ஆனாலும் விளக்குமாற்றை வேறொருவரிடம் கொடுக்கமாட்டாள். காலிதீன் கட்டாரில் ஒரு அரபியின் தோட்டத்தில் இலையை ஊதித் தள்ளும் மெஷினைக் கண்டிருந்தார். அப்படியொன்றை வாங்கிவிட்டால் இவளுடைய தோளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். அதை நம்பலாம். அவர் அன்பைச் சாமானாக வாங்கிக் கொடுத்தே பழகிய மனிதர்.

கல்முனை பஸாரில் தண்ணீர் மோட்டரும் புல்லு வெட்டும் மெஷினும் விற்கும் றிம்சானின் கடையில் அரை நாள் நின்றார். முதுகில் கொளுவுகிற பெற்றோல் மெஷினைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். “அது நல்ல இழுவ காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் றிம்சான். “ஆனா காலையில நீங்க அத ஸ்டார்ட் பண்ணினா தொட்டில்ல கிடக்கிற புள்ளையெல்லாம் எழும்பிரும். பொறகு ஊர் ஒங்கட ஊட்டு வாசல்லதான்.” வயரில் ஓடுவது பாரமில்லை, ஆனால் வயர் காலடிகளின் மேல் இழுபடும். கடைசியில் பற்றரியில் ஓடும் சின்ன மெஷின் ஒன்றை எடுத்தார். ஒற்றைக் கையால் பிடிக்கலாம், கமீலாவின் இடது கைக்கும் தாங்கும். காற்று வரும் முனைக்கு வட்ட மூக்கும் தட்டை மூக்கும் இருந்தன. நிலத்தோடு ஒட்டி ஊதத் தட்டையைத் தெரிவுசெய்தார். றிம்சான் பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டான்: “மணல் வளவா? அப்ப முதல் ஸ்பீட்டத் தாண்டாதீங்க. இது புல்லுத் தரைக்கும் சீமெந்துக்கும் செஞ்ச சாமான். மூக்கக் குத்திப் புடிக்காதீங்க, சாய்ச்சுப் புடிங்க. காத்து எப்பவும் முதுகுப் பக்கம் இரிக்கோணும்.” எல்லாவற்றுக்கும் காலிதீன் ஓம் என்று தலையாட்டினார்.

கமீலா அந்த மெஷினைத் தொட்டும் பார்க்கவில்லை. அவள் தோளைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு காலையில் காலிதீன் அதை எடுத்து இறங்கினார். முதல் ஸ்பீட்டில், சாய்த்துப் பிடித்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, வேலி ஓரமாக ஊதினார். வேலை வெண்ணெயாகப் போனது. கிணற்றடிக்கு வந்தபோது ஒரு காலடியின் குதிப் பள்ளத்தில் வேப்பங்காம்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. குனிந்து விரலால் எடுத்திருக்கலாம். அவர் மூக்கை நேரே குத்திப் பிடித்து ஸ்பீட்டைக் கூட்டினார். அவர் தெரிந்து செய்தார் என்றும் தெரியாமல் செய்தார் என்றும் ஊரில் இரண்டு கதை உண்டு. காலிதீனைக் கேட்டால், தனக்கே தெரியாது என்பார்.

காலடி சிதறவில்லை. கல்லிலிருந்து எடுத்த ரொட்டியைப்போல ஒரே தகடாக மணலிலிருந்து எழும்பி, ஒரு எட்டு முன்னே போய் அப்படியே படிந்தது. அதற்கு முன்னால் இருந்தது எழும்பி அதற்கும் முன்னே போனது. இடது, வலது, இடது என்று எல்லாக் காலடிகளும் ஒரு எட்டு நகர்ந்து, முன்னது கேற்றில் முட்ட நின்றன. காலிதீன் மெஷினை நிறுத்தினார். காலடிகளும் நின்றன. திரும்பவும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று முன்பக்கம் சுற்றிவந்து மெல்ல ஊதினார், அவை பின்னே போயின. வலப்பக்கம் ஊதினார், கோழிக்கூட்டுப் பக்கம் போயின. மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே நடந்தன. அவர் அவற்றைப் பழைய இடத்தில் வைத்துச் சரிப்படுத்திக்கொண்டிருந்தபோது, ஆட்டோவால் இறங்கிய கமீலா கேற்றைத் திறந்துகொண்டு நின்றாள்.

அவள் கத்துவாள் என்று ஸப்னா உள்ளே காதைப் பொத்திக்கொண்டாள். கமீலா கத்தவில்லை. காலடிகள் நகர்வதைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருபது வருடமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது, அதைப் பார்க்கத்தான் காலிதீனுக்குப் பயமாக இருந்தது. “நடக்கிறா,” என்றாள். “அவ இரிக்கிற இடத்துக்கு நம்மளக் கூட்டிக்கிட்டுப் போறா. ஊதுங்க.”

அப்படியாகத்தான் கணவனும் மனைவியும் மகளின் காலடிகளுக்குப் பின்னால் ஊர் ஊராக நடக்கத் தொடங்கினார்கள். கேற்றைத் தாண்டியதும் தெரு. கிழக்கே திரும்பினால் நாலு வளவு தள்ளிக் கடல். காலிதீன் மேற்கே திருப்பினார். அவருடைய மணிக்கட்டு ஒரு சின்ன அசைவுதான் அசைந்தது. அதன் பிறகு கல்முனைப் பக்கமாகத் தார் றோட்டின் ஓரத்தில், முற்றத்து மணலாலான அந்தக் காலடிகள் முன்னே போக, இவர் ஊதிக்கொண்டு போக, கமீலா குடையும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு பின்னே போனாள். பற்றரி தீர்ந்த இடத்தில் காலடிகள் நிற்கும். பக்கத்து வீட்டிலோ கடையிலோ சார்ஜ் ஏற்றக் கேட்டால் மறுப்பில்லை. பின்னேரம் காலடிகளை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, மறுநாள் போய்த் தொடர்ந்தார்கள். பஸ்காரர்கள் விலத்திப் போனார்கள். ஆடுமாடுகள் மிதிக்கவில்லை.

வெயிலில் காலிதீன் கறுத்தார், மெலிந்தார். ஒவ்வொரு சந்தியிலும் கமீலா “எந்தப் பக்கம் போறா எண்டு பாருங்க” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் எந்தப் பக்கம் நிழல் இருக்கிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்புவார். மகள் நடக்கவில்லை, நான் நடத்துகிறேன் என்று சொல்ல வாய் வரும். அவளுடைய முகத்தைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும். வீட்டில் ஸப்னா தனியாக இருந்தாள். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நஸ்லினிடமிருந்து போன் வருவது குறைந்தது. தான் செய்வது கோழையின் வேலை என்று காலிதீனுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டேதான் ஊதினார்.

கிட்டங்கித் தாம்போதிப் பாலத்தைக் கடந்து, வயல்களுக்கு நடுவே சொறிக்கல்முனைக்குப் போன அன்று பற்றரி ஒரு வீட்டு வாசலில் தீர்ந்தது. அந்த வாசலை அவர் தெரிவுசெய்ததற்குக் காரணம், அங்கே ஒரு பூவரச மரம் நின்றது, அவ்வளவுதான். வீட்டுக்காரி வல்லியம்மை சார்ஜரை வாங்கிக்கொண்டு உள்ளே போக, அவளுடைய மகள் கேசினி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். வெறுங்கால். கமீலா செம்பை வாங்கவில்லை. அந்தப் பிள்ளையின் கால்களையே பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, கால் பாதத்தைப் பூட்டாத கையால் தொட்டாள்.

“ஒருக்கா இதுல வெச்சுக் காட்டு மகள்,” என்றாள்.

கேசினி பயந்துபோனாள். ஆனாலும் வெயிலில் வாடிய அந்த முகத்துக்கு இல்லையென்று சொல்ல மனம் வராமல், வலது காலை எடுத்துக் காலடிக்குள் வைத்தாள். அச்சாக இருந்தது. கமீலாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உள்ளேயிருந்து ஓடிவந்த வல்லியம்மை மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“அக்கா, இது நான் பெத்த புள்ள. இந்த அறைக்குள்ளதான் பெத்தனான். அலை வந்தண்டைக்கு இவ என்ட மடியில கிடந்தவ. இந்த வயசுப் புள்ளயளுக்கெல்லாம் கால் இந்த அளவுதான் அக்கா,” என்றாள். கமீலாவின் முன்னால் ஒரு தாய் தன் பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படிப் பிடிப்பது எப்படி என்று கமீலாவுக்குத் தெரியும்.

“மற்றக் காலையும் வை மகள்,” என்றாள் மெதுவாக. கேசினி இடது காலை வைத்தாள். அது நேரே நின்றது. காலடி உள்ளே திரும்பிக் கிடந்தது. கமீலா எழும்பி, தண்ணீரை வாங்கிக் குடித்து, வல்லியம்மையிடம் மன்னிப்புக் கேட்டாள். வல்லியம்மை அழுதாள், இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலிதீன் பூவரசின் கீழே தலையைத் தூக்காமல் இருந்தார். தன் கோழைத்தனம் இந்த ஏழை வாசலில் வந்து ஒரு தாயை நடுங்க வைத்துவிட்டதே என்று நெஞ்சு வெந்தது.

பற்றரி ஏறியதும் அவர் மெஷினைக் கையில் எடுத்தார். “குடுங்க,” என்றாள் கமீலா.

“ஒன்ட தோள்…”

“குடுங்க. நீங்க எந்தப் பக்கம் திருப்புறீங்களோ அந்தப் பக்கந்தான் அவ போறா. முதல் நாளே கண்டன்.”

காலிதீன் மெஷினைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். “அப்ப ஏன் புள்ள நீ ஒண்டும் சொல்லல்ல?”

“எங்க கூட்டிக்கிட்டுப் போவீங்க எண்டு பாத்தன். எத்தின சந்தி வந்திச்சு. எல்லாப் பக்கமும் திருப்பினீங்க. கடலுக்கு மட்டும் திருப்பல்ல.” அவள் மெஷினை இடது கையால் வாங்கினாள். “அதுலதான் வெளங்கிச்சு. அவ எங்க இரிக்கா எண்டு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

திரும்பி வர ஐந்து நாள் எடுத்தது. வழி முழுக்க அவளே ஊதினாள், அவர் குடை பிடித்தார். தங்களுடைய கேற்றைக் காலடிகள் நிற்காமல் கடந்தன. ஸப்னா வெளியே வந்து பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து நடந்தாள். கரையில் தோணி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை உயர்த்தி வழி விட்டார்கள். உலர்ந்த மணல் முடிந்து ஈர மணல் தொடங்கும் இடத்தில் மெஷின் எடுபடவில்லை. ஈர மணலை எந்தக் காற்றாலும் தூக்க முடியாது. கமீலா சுவிட்சை அணைத்தாள். கச்சானும் அந்த நேரம் விழுந்துபோய் இருந்தது. காற்றே இல்லாமல், யாரும் ஊதாமல், முன்னால் இருந்த காலடி தானாக எழும்பி ஒரு எட்டு வைத்தது. பிறகு மற்றது. இடது கால் உள்ளே திரும்பியபடி அவை அவசரமில்லாமல் இறங்கிப் போயின. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரம்பியது. கடைசிக் காலடி போன இடத்தைக் கமீலா பார்த்துக்கொண்டு நின்றாள், அழுதாள், இருபது வருடத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். ஸப்னா அவளுடைய பூட்டிய தோளைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கமீலா இரண்டு விடயம் சொன்னாள்: நஸ்லினுக்குப் போன் எடுத்து மாப்பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லவேண்டும், அதற்கு முதல், இன்றைக்கே பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு, சஹ்லாவுக்கு ஜனாஸா தொழுவிக்க வேண்டும்.

பள்ளிவாசலில் மௌலவி ஸிராஜ் எப்படி, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. அலை வந்தபோது அவரும் சின்னப் பிள்ளை. அவருடைய வீட்டில் மூன்று பேர் போனார்கள். அசர் முடிந்து அறிவித்ததும் ஆட்கள் கலையாமல் நின்று வரிசை பிடித்தார்கள். மௌலவி திரும்பி, முன்வரிசையில் நின்ற காலிதீனிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: “காக்கா, சின்னப் புள்ளைக்கு ஓதுற துஆ வேற, பெரியாளுக்கு ஓதுற துஆ வேற. எத ஓதட்டும்?”

இரண்டரை வயதுச் சஹ்லாவைக் காலிதீன் ஒருநாளும் தூக்கியதில்லை, அவளுடைய குரலை நேரில் கேட்டதில்லை. அவர் அறிந்த மகள் முற்றத்து மணலில் அவருடைய கண் முன்னால் வளர்ந்தவள்.

“பெரியாளுக்குரியத ஓதுங்க மௌலவி,” என்றார். “என்ட மகளுக்கு இருவத்திமூணு வயசு.”

வரிசையில் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மௌலவி சரியென்று தலையசைத்துவிட்டுத் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் திரும்பி, வளர்ந்த பெண்ணொருத்திக்காகக் கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினார்.